பதினான்காவது சுற்று

என் பையில் ஒரு தராசு,
மடக்கி வைத்த உயரப் பலகை,
ஐந்து கிலோ இரும்புக் குண்டு ஒன்று.
தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்கத்தான் குண்டு.
ஏற்காடு பேருந்து வளைவுகளில் திரும்பும்போது
யாராவது ஜன்னலோரம் கேட்டு எழுவார்கள்.
நான் குண்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொள்வேன்,
உருண்டு போய்விடாமல்.

ஆய்வுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு.
ஊரில் நான் அளக்குற அக்கா.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
நிற்கவைத்து, குதிகால் சேர்த்து, முகவாய் நிமிர்த்தி,
எழுதிக்கொண்டு இறங்கிவிட வேண்டும்.
ரத்தம் மிகக் குறைந்தால் மட்டும்
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு சீட்டு.
மற்றபடி தலையிடக் கூடாது.

இதற்குக் கவனிப்பு ஆய்வு என்று பெயர் வைத்தவர்
மலையேறியிருக்க மாட்டார்.
செம்பாயி முதல் நாளே கேட்டாள்:
"கவனிச்சுக்குவீங்கல்ல புள்ளய?"
தலையாட்டினேன்.
சம்மதப் படிவத்தில் கட்டைவிரல் உருட்டினாள்.
என் தலையாட்டலை எழுத அதில் கட்டம் இல்லை.

நானூற்றுப் பதினேழு.
பெயர் மௌனிகா, பெயரைக் கணினியில் ஏற்றக் கூடாது.
பிறக்கையில் இரண்டு கிலோ நூறு.
ஐந்தாம் சுற்றில் கைப்பட்டை மஞ்சள்,
ஆறில் சிவப்பின் விளிம்பு.
ஏழுக்கு முந்தின வாரம்
மிளகு பறிக்க சில்வர் ஓக் ஏறிய பொன்னன்
ஏணியோடு சாய்ந்தான்.
வீட்டில் சம்பாதிப்பவர்: ஒருவர்,
என்று திருத்தினேன்.

நேற்று என்ன சாப்பிட்டாள்?
அடுப்பைப் பார்த்தபடி செம்பாயி சொன்னாள்,
"சோறு, கீரை... முட்ட."
முட்டை என்றதும் குழந்தை
சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தது.
முட்டைக் கட்டத்தில் டிக் போட்டேன்.
பத்து வருடத்தில்
தெரிந்தே செய்த பிழை அது ஒன்றுதான்.
கடலைமிட்டாயைச் சேர்த்தால் இரண்டு.

பதினான்காம் சுற்றில் கதவுக்குப் பூட்டு.
கோழிக்கூடை கவிழ்ந்து கிடந்தது.
குடகுக்குப் போயிட்டாங்க என்றார் ஒருவர்.
கேரளாங்க, என்றாள் எதிர்வீட்டுக்காரி.
மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி.
நான்காவதற்குப் பயணப்படி கிடையாது.
நான்காவதும் போனேன்.
அதே பூட்டு, மேலே கொஞ்சம் துரு.

ஒன்பது என்று குறித்தால்
தொடர்பு அறுந்தது என்று அர்த்தம்.
பதினைந்து சதவீதம் வரை தாங்கும், பரவாயில்லை,
என்றார் ஜெசிந்தா மேடம், கனிவாகவே.
திரையில் அவள் கோடு
நூற்றுப் பத்து சென்டிமீட்டரில் நின்றது.
விழவில்லை, வளையவில்லை.
அதற்கப்புறம் வெள்ளை.

இப்போது இன்னொரு ஆய்வும் என் தலையில்:
சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை ஆட்களின் நுரையீரல்.
குழாயைக் கொடுத்து, இழுத்து ஊதுங்க, என்பேன்.
மூன்று முறை ஊதினால் பெரிய எண்ணை எழுதுவேன்.
அறுபத்து மூன்றாவது ஆள்
இரண்டாம் ஊதலில் இருமி, கண் துடைத்து நிமிர்ந்தாள்.
செம்பாயி.

நான் பேச வாயெடுக்குமுன்
உள்ளேயிருந்து ஒரு பெண், பள்ளிச் சீருடையில்.
என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
நிலைப்படியில் முதுகு ஒட்டி
குதிகால் சேர்த்து, முகவாய் நிமிர்த்தி
நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
யாரும் சொல்லவில்லை.

உயரப் பலகை மலைமேல் இருந்தது,
இரும்புக் குண்டும் அங்கேதான்.
உள்ளங்கையை அவள் உச்சியில் வைத்து
அப்படியே என் பக்கம் இழுத்தேன்.
கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே வந்து தொட்டது.
கை பொய் சொல்கிறதா என்று
பார்க்க வழியில்லை.

"எவ்வளவுக்கா?"

நூற்று இருபத்தெட்டு என்றேன்,
கொஞ்சம் கூட்டி.