காற்றுத் தடுப்பு

பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறோம்.
ஜன்னலுக்கு வெளியே வூச் நகரத்துத் தெருவில்
பனி கறுத்துக் குழம்பாகிக் கிடக்க
சமையலறை மேசையில் கடலோரம் விரிகிறது.
மடித்து மடித்துத் தேய்ந்த வரைபடம்,
உஸ்த்கா இருந்த இடத்தில் ஓட்டை.
பரவாயில்லை என்கிறாள் லுத்வினா,
ஓட்டையைத் தாண்டினால் கடல்தானே.

பதினோரு வருடமாக அதே ஊர்.
வேறெங்காவது போகலாமே என்று
ஒவ்வொரு வருடமும் நான் சொல்வதும்
அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வதும்
திட்டத்தின் முதல் பகுதி.
குரோவேஷியாவில் தண்ணீர் வெதுவெதுப்பு என்பேன்.
விலையைப் பார்ப்போம்.
பிறகு ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துவிட்டு
உஸ்த்காவுக்குத் திரும்புவோம்.

டிராம் பணிமனையில் ஜூலை மாதம்
எல்லோருக்கும் கடல் வேண்டியிருக்கிறது.
எனக்கு விழுந்தது ஆகஸ்ட் கடைசி வாரம்:
மழை அதிகம், வாடகை பாதி.
மழையையும் சேர்த்தே கணக்குப் போடுகிறாள்.
விடிகாலை ரயில், ஸ்வூப்ஸ்க்கில் மாறப் பதினெட்டு நிமிடம்,
பெட்டி இரண்டுக்கு மேல் கூடாது என்று
ஒற்றைக் காலில் நிற்கிறாள்.
புகையில் வாட்டிய மீன் இரண்டு தடவை,
வாஃபிள் ஒருநாள் விட்டு ஒருநாள்,
எதிர்பாராத செலவு என்று ஒரு வரி.
அதில் எப்போதும் குடைதான் வாங்குகிறோம்.

கைபேசியில் வீட்டுக்காரி திருமதி தியோஃபிலா,
குரலுக்குப் பின்னால் காற்று.
மூன்றாம் மாடி அறை காலியாம்.
கடல் தெரியுமா?
நாற்காலி மேல் ஏறினால் தெரியும்.
போன வருடமும் இதைத்தான் சொன்னார்.
ஏறிப் பார்த்தோம்,
சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை தெரிந்தது.
"வழக்கம்போல மூன்று கட்டில்தானே?"

குளிர்பதனப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த கயெத்தான்
ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தபடி சொன்னான்,
தான் வரவில்லை.
சைக்கிள் கடையில் கோடை வேலை,
பேசி முடித்தாயிற்று.
பதினேழு வயது.
பெட்டிக் கதவைக்கூட மூடவில்லை,
மஞ்சள் வெளிச்சம் அவன் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

லுத்வினா கைபேசியின் வாயைப் பொத்தினாள்.
எனக்கு ஏனோ நினைவுக்கு வந்தது
மரச் சுத்தியல்.

எங்கள் கடற்கரையில் காற்று ஓயாது.
கோடு போட்ட துணியைக் கழிகளில் கோத்து
மணலில் நட்டுச் சுற்றிக்கொண்டு உட்காருவோம்,
குடும்பத்துக்கு ஒரு துணிக் கோட்டை.
முன்வரிசை வேண்டுமானால் விடியுமுன் போக வேண்டும்.
ஆறு வயதிலிருந்து அவன்தான் வருவான் என்னோடு.
நான் கழியைப் பிடிக்க
அவன் இரண்டு கையாலும் ஓங்குவான்.
ஒரு தடவை என் கட்டைவிரல் நகம் கறுத்தது.
அது விழுந்து புதிது முளைக்க
அடுத்த பிப்ரவரி வந்துவிட்டது.

"இரண்டு," என்றாள் லுத்வினா.
அந்தப் பக்கம் காற்று மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு, இரவுக்கு முப்பது ஸ்லோட்டி குறைத்துக்கொள்கிறேன்,
மூன்றாவது கட்டிலை எடுத்துவிடவா?
லுத்வினா என்னைப் பார்த்தாள்.
நான் ஓட்டையைப் பார்த்தேன்.
"கிடக்கட்டும்.
துண்டு காயப்போட ஆகும்."

அழித்து எழுதினோம்.
மாணவர் டிக்கெட் ஒன்று போயிற்று.
வாஃபிள் இறங்கியது, மீன் இறங்கியது.
மிச்சத் தொகை ஒன்று அடியில் வந்து நின்றது,
எந்த வரியில் சேர்ப்பதென்று தெரியவில்லை.
குரோவேஷியா? என்றேன்.
சிரித்தாள்.
சிரித்து முடித்த பிறகும்
பென்சிலைக் காதிலிருந்து எடுக்காமல் யோசித்தாள்.

இரண்டாவது வெள்ளரிக்காயோடு வந்த கயெத்தான்
மேசை மேல் குனிந்து பட்டியலைப் படித்தான்.
சுத்தியலை எழுதவில்லையே என்றான்.
"ஆகஸ்ட் கடைசியில் யார் வரப்போகிறார்கள்,
காற்றிலேயே உட்கார்ந்துகொள்கிறோம்."
அவன் பென்சிலை உருவி
எதிர்பாராத செலவுக்குக் கீழே எழுதினான்:
சுத்தியல். நிலவறையில்,
சறுக்குவண்டிக்குப் பின்னால்.
பிடி ஆடுகிறது, போகுமுன் ஆணி அடிக்கவும்.