அடுப்பிலிருந்து தூரம்

உலான்பாத்தரில்
குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி இறங்கிய இரவு
ஒரே கூடாரத்தில் இரண்டு பேர்.
நண்பகல் தாண்டியும் புகைக்குழாய் புகையவில்லையே என்று
பக்கத்து வேலிக்காரன் வந்து கதவை இழுத்தான்.
அவள் கை அவன் பூட்ஸின் மேல் விழுந்தது.

கரிப்புகை செய்த வேலை. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.
பிணவறையில் வெட்டிப் பார்த்தால் இரு உடலிலும்
ரத்தம் செர்ரிப் பழமாய்ச் சிவந்திருந்தது,
இப்போதுதான் ஓடி விளையாடிவிட்டு வந்தவர்கள் மாதிரி.

கேள்வி வேறு.
யார் முதலில்?

தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சு.
ஒன்றில் தம்தின்சூரனின் மூத்த தாரத்து மகன்கள்,
தொப்பியைக் கழற்றாமல்.
எதிரே செரென்ஹந்தின் மகள், மடியில் தூங்கும் குழந்தை.
நடுவே, கண்ணுக்குத் தெரியாமல்,
வேலி போட்ட எழுநூறு சதுர மீட்டர் நிலம்.
அந்த மேட்டில் அடுக்ககம் வரப்போகிறதாம்.
வழக்கறிஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"அரை மணி முந்தினாலே போதும், டாக்டர்."

ஓயுன்பிலெக் முதல் சில்லை லென்ஸுக்கடியில் நகர்த்தினாள்.

அவனுடைய வெள்ளணுக்களில்
மூவிதழாய்ப் பிரிந்திருக்க வேண்டிய உட்கரு
ஊறிய அவல்போல் உப்பிக் கிடந்தது.
இதழோடு இதழைக் கட்டிய நூல் எங்கோ அறுந்துவிட்டது.
உள்ளே குமிழிகள். ஓரம் எங்கே முடிகிறது,
ஊதா எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.

அவளுடையவை
இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தன.

லிம்போசைட்டுகள் மட்டும் இருவரிலும் ஒன்றுபோல்:
வாடகை பாக்கி வைத்தும் வீட்டைக் காலி செய்யாத
குடித்தனக்காரர்கள்.

உதவியாளன் கன்சுக் நூறு நூறாய் எண்ணினான்.
"சிதைந்தது இவருக்கு முப்பத்தெட்டு. அம்மாவுக்கு ஒன்பது.
இவர்தான் முன்னால் போயிருக்கிறார்.
நாலு மணி நேரம் இருக்கும்."

பேனாவைத் திறந்தாள்.
மூடினாள்.

போலீஸ் எடுத்த படத்தை மறுபடி விரித்தாள்.
நடுவில் அடுப்பு.
அதை ஒட்டிக் கட்டிலை இழுத்துப் போட்டு அவன்;
விடியும்வரை உள்ளே கரி கனன்றிருக்கும்.
அவள் கதவடியில் கன்னம் வைத்து,
பலகைக்கும் கம்பளத்துக்கும் நடுவே நுழையும்
விரற்கடைப் பனிக்காற்றில்.
சூடு அணுவைச் சீக்கிரம் கிழடாக்கும்.
குளிர் வைத்ததை வைத்தபடி வைத்திருக்கும்.
ஆக, இரண்டு சில்லுக்கும் நடுவில் இருந்தது
நாலு மணி நேரமல்ல, கன்சுக்,
நாலு தப்படி.

காலமானார் என்கிறோம் தமிழில்.
எந்தக் காலம் ஆனார் என்று
அந்தச் சொல்லிடம் யாரும் கேட்டதில்லை.
அவள் மொழியில் என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது.
அவள் எழுதியது இவ்வளவுதான்:
இரவு பத்துக்கும் அதிகாலை நாலுக்கும் இடையே. இருவரும்.
முன் பின் சொல்வதற்கில்லை.

மூத்தவன் தாளைப் படித்தான், திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமென்று.
"இவ்வளவு பெரிய கருவி எதற்கு வைத்திருக்கிறீர்கள்?"
வழக்கறிஞர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

எழுந்து போனால் மூச்சு இருந்திருக்கும், யாருக்கும் தெரியும்.
கதவுவரை போனவள் பிந்தித்தான் போனாளா,
தனக்குக் காற்றுத் தேடிப் போனாளா,
அவனுக்கும் சேர்த்துத் திறக்கப் போனாளா,
இல்லை, இருட்டில் எப்போதும்போல்
வெளியே போய்வரக் கிளம்பினாளா.
அதற்குச் சாயம் இல்லை.

மகள் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.
"வாசற்படியில் கால் பட்டாலே அம்மா திட்டுவாள்.
அதன் மேலேயா படுத்திருந்தாள்?"

படம் இன்னும் மேசையில்தான் இருந்தது, கவிழ்த்து.

"இல்லை" என்றாள் ஓயுன்பிலெக்.
"பக்கத்தில்."