காகிதத் தட்டு பத்து டாலர்

பிப்ரவரியில் டூசான் மோட்டல்களில்
யாரும் தூங்குவதாய்த் தெரியவில்லை.
மெத்தையைச் சுவரோரம் நிறுத்திவிட்டு
கட்டில் பலகையில் பவளம் பரப்பியிருக்கிறார்கள்.
இஸ்திரி மேசையில் அகேட்.
திரைச்சீலைக் கம்பியில் சரம் சரமாய்ச் செவ்வந்திக்கல்,
நடுவே காயப்போட்ட ஒரு துண்டு.

சாண்ட்லரிலிருந்து விடியுமுன் கிளம்பியவள் நான்.
கையில் பட்டியல்:
வெண்கல நிறப் பொடிமணி, பதினோராம் எண், நூறு கிராம்.
எண் ஏற ஏற மணி சிறுக்கும்,
புதிதாய் வருகிற எல்லோரும் இங்கேதான் ஏமாறுவோம்.
கொக்கி ஐம்பது. மெழுகு நூல்.
வளையாத ஊசி, அப்படி ஒன்று இருந்தால்.
கடைசி வரி, அடிக்கோடிட்டது:
லொரெய்னின் நிறம்.

லொரெய்ன் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ்.
ஏப்ரலில் ஓய்வு.
விருந்துக்குப் போட ஒரு மாலை கேட்டாள்.
என்ன நிறம் என்றேன்.
“என் முதல் காரின் கதவு நிறம்.
வாங்கிய அன்று இருந்தது இல்லை,
ஒன்பது கோடை தின்ற பிறகு இருந்தது.”
படம் இல்லை. காரும் இல்லை.
நீலமா என்றால் இல்லை என்றாள்,
பச்சையா என்றால் சிரித்தாள்.

அறை 114. டர்க்காய்ஸ் என்றார் ஒருவர்.
கைப்பையிலிருந்த நகப்பூச்சு நீக்கியில்
பஞ்சைத் தொட்டுத் தேய்த்தேன்.
பஞ்சு நீலமானது.
அவர் வாசலைப் பார்த்து
வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அறை 119. மாலியிலிருந்து வந்த மாமது.
பழைய வணிக மணிகள், புழுதி துடைக்காமல்.
துடைத்தால் விலை இறங்குமாம்.
எந்த ஊர்ப் புழுதி என்று கேட்டேன்.
“அது தனி விலை.”

அறை 127.
குளியல் தொட்டி முழுக்கக் கண்ணாடி மணி.
காகிதத் தட்டு பத்து டாலர்,
எவ்வளவு அள்ளினாலும். சிந்தினால் நீயே பொறுக்கு,
என்றாள் ஸ்டெங்கா, மூடிய கழிப்பறை மேல் அமர்ந்து
ஆரஞ்சு உரித்தபடி.
முழங்கை வரை கையை விட்டேன்.
தண்ணீர்போல் விலகி, தண்ணீர்போல் மூடிக்கொண்டது.
கண்ணுக்கு முன் விரல் சொல்லிவிடும்:
இது முனை உடைந்தது, இது துளை அடைந்தது,
இது இரண்டு ஒட்டிப் பிறந்தது.
நீலம். பச்சை. மறுபடி நீலம்.
ஒன்றுகூட வெயிலில் நின்றதில்லை.

முதுகு பிடித்துக்கொள்ள, தரையில் உட்கார்ந்தேன்.
கழுவுதொட்டிக்கு அடியில் செம்புக் குழாய்.
வருடக்கணக்காய்க் கசிந்து
மூட்டு முழுக்கக் களிம்பு.
அதுதான்.
துருப்பிடித்த கீல் முனக
ஒரு கார்க் கதவு திறந்தது.

மணி ஒவ்வொன்றாய்க் குழாயோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன்.
குழாய் விற்பனைக்கில்லை என்றாள் ஸ்டெங்கா.
ஒரு மணியில் நாற்பத்தொரு மணி.
தமிழில்தான் இப்படிக் கூலி கணக்குப் பார்க்க முடியும்.

வாகனம் நிறுத்துமிடத்தில் பை கிழிந்தது.
தெரியாதவர்கள் குனிந்தார்கள்.
ஒருவர் தொப்பியைக் கழற்றி அதில் சேர்த்தார்.
ஒரு சிறுமி தன்னுடைய எல்லா விரலிடுக்கையும்
சோதித்துக் காட்டினாள்.
நாற்பது.
புறப்பட்டுப் போன பிக்கப் டிரக்கின்
டயர்ப் பள்ளத்தில் ஏதோ மினுங்கிச் சுழன்றது.
சிக்னலில் தெற்கே திரும்பியது, நோகாலெஸ் பக்கம்.
கையசைத்தேன். ஓட்டியவரும் கையசைத்தார்.

வீட்டில் கோத்தபோது
பக்கத்துக்கு இருபது சரியாய் வந்து
நடு மட்டும் காலி.
வெண்கலப் பொடியை நெருக்கிப் பார்த்தேன், இளித்தது.
அவிழ்த்தேன்.
செம்புக் கம்பி கொஞ்சம் கிடந்தது.
வளைத்து ஒரு வளையம் செய்து
உப்பும் வினிகரும் தடவி
பால்கனிச் சுவர்மேல் வைத்திருக்கிறேன்.

ஏப்ரலுக்கு ஏழு வாரம் இருக்கிறது.
ஒன்பது கோடைக்கு
அது கொஞ்சம் குறைவுதான்.