நாலு புள்ளி ஆறு

பத்துப் பேர் ஐந்து போட்டிருந்தார்கள்.
பதினோராவது ஆள் ஒன்று போட்ட அன்று
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியிருந்தது.
இரண்டில் எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல்
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
காய்ந்தும் காயாத நெத்திலியை அள்ளி
உள்ளே கொட்டினேன்.

"கருவாட்டில் மணல். பல்லில் கடித்தது. ஏமாற்று வேலை."
கே. துளசிமணி, பெருந்துறை.

"கடல்ல வந்த மீன்ல மணல் இல்லாம
சீனியா இருக்கும்? அப்படியே எழுதிப் போடு"
என்றான் ரெக்ஸன்.
எழுதினேன்.
கூண்டை இறக்குவதற்குள் அழித்தேன்.

அதே தேதியில் கட்டியது ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது.
பிரித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி
தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
மீன் ஊறியது. தண்ணீர் கலங்கித் தெளிந்தது.
தட்டின் அடியில்
சுண்டுவிரல் நகத்தில் அள்ளும் அளவு
தங்கச்சிமடம்.

துளசிமணி பொய் சொல்லவில்லை.
வாடை தொடங்கிய வாரம் அது.
கம்பி மேசையின் கால் இரண்டு துருவேறி ஒடிந்துபோக
வலையைத் தரையில் விரித்துக் காயப்போட்டோம்.
மேசைக்கு ஆயிரத்து எண்ணூறு கேட்டார் வெல்டிங்காரர்.
கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளிவைத்தது
காற்று இல்லை, நான்.

ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும்
கொழுந்தன் ஜெனிஸ்டன் போன் பண்ணினான்.
"ஒரு ஸ்டாருக்கா மதினி இந்தக் கவலை?
அஞ்சு ஸ்டார் ஒண்ணு நாற்பது ரூபாய்.
நூறு வாங்கினா பத்து சும்மா.
ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு ஊரு,
'செம டேஸ்ட்'னு அவங்களே எழுதிருவாங்க."

அன்று ராத்திரி சொப்பனம்.
நூற்றுப் பத்துப் பேர் வாசலில் வரிசையாக நின்று
விடாமல் கைதட்டுகிறார்கள்.
ஒருத்தர் முகத்திலும் மூக்கு இல்லை.

காலையில் முந்நூற்று நாற்பது ரூபாயைத்
துளசிமணிக்குத் திருப்பி அனுப்பினேன்.
ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழே எழுதினேன்:
"மணல் இருந்தது உண்மை. நானும் பார்த்தேன்.
தரையில் காயப்போட்டது. பணம் அனுப்பியாச்சு. பெனிட்டா."
"இதை ஊரே படிக்குமே" என்றான் ரெக்ஸன்.

படித்திருக்கும் போல.
ஒன்பது நாள் ஒரு ஆர்டர் இல்லை.
மழையும் அதே ஒன்பது நாள் பெய்ததால்
எதனால் என்று சொல்லத் தெரியவில்லை.

சீட்டு விழுந்த பணத்தில் மேசைக்குக் கால் வந்தது.
சரக்கு விவரத்தை உட்கார்ந்து மாற்றினேன்:
தலை கிள்ளிய நெத்திலி, கால் கிலோ.
போகிற வழியில் காய்ந்து எடை குறையும்,
அதற்காகப் பத்து கிராம் கூட.
வாசம் வரும். வரத்தான் செய்யும்.
மழை நாளில் அனுப்ப மாட்டேன்.
ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை கடை இல்லை,
எங்களுக்குக் கடல் இல்லை.

தடைக்காலத்தில் அந்த ஆப்
விடிந்தால் ஒரு செய்தி அனுப்பியது:
"விற்பனையாளரே, உங்கள் கடை சுறுசுறுப்பாக இல்லை."
மீன் முட்டையிடுகிறது என்று
அதற்கு யார் போய்ச் சொல்வது?

ஜூன் கடைசியில் ஒரு கிலோவுக்கு ஆர்டர்.
பெருந்துறை. கே. துளசிமணி.
பெயரை இரண்டு தரம் படித்தேன்.
நெத்திலியை மூன்று தரம் சலித்தேன்.
கூரியர் முனியசாமி வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டு
எடை போட்டார்,
வழக்கம்போலத் தனக்கும் கொஞ்சம் கேட்டார்.

பிறகு ஆவணியில் ஒரு கிலோ. ஐப்பசியில் இரண்டு.
ஒரு வார்த்தை எழுதவில்லை அந்த ஆள்,
ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.
அந்த ஒற்றை நட்சத்திரமும் அப்படியே கிடக்கிறது.
மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்கள் நேரே அதைத்தான் திறக்கிறார்கள்.
மணலைப் படிக்கிறார்கள்.
கீழே என்னைப் படிக்கிறார்கள்.
சிலர் போய்விடுகிறார்கள்.
சிலர், முதலில் கால் கிலோ.