அட்டை தொலைத்தவர்கள்

நடுவர்களே, ஏழு பேரும் கேளுங்கள்.
தங்கக் குதிரையை நீங்கள்
தப்பான வாசலில் கட்டிவிட்டீர்கள்.

நான் அசேத்தா சூங்ரானா.
வாகடூகுவில், தியேட்டர் மதிலுக்கு வெளியே
மொபெட்டுகளுக்குக் காவல்.
வண்டிக்கு நூறு பிராங்கு.
சீட்டில் சாக்கட்டியால் ஓர் எண்,
அதே எண் அட்டையில், அட்டை உங்கள் கையில்.
இது எனக்குப் பதினோராவது விழா,
இரண்டு வருடத்துக்கு ஒன்று வீதம்
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கூரையில்லாத தியேட்டர்.
படம் உள்ளேயே இருந்துவிடும்.
சத்தம் மட்டும் மதிலேறிக் குதித்து
டிக்கெட் இல்லாமல் என்னிடம் வரும்.

அதனால் 'உப்பு லாரி' அழகான படமென்று
என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.
கேட்டேன்.
இரண்டு மணி நேரம் வயலின்.
கழுதை செத்தால் வயலின்,
கல்யாணம் ஆனாலும் அதே வயலின்,
யாராவது பேச வாயெடுத்தால்
அதற்குமுன் முந்திக்கொண்டு ஒரு வயலின்.
முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.
தட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள்.
தட்டிய கையாலேயே அட்டையை நீட்டினார்கள்,
நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, வரிசை பிசகாமல்.
முன்னூற்றுப் பத்து வண்டி.
கால் மணி நேரத்தில் மைதானம் துடைத்துவிட்டது.

அதற்குத்தான் குதிரை.

செவ்வாய்க்கிழமை 'கிணற்றடி வழக்கு'.
கூட்டம் குறைவு, பாலைக்காற்றுப் புழுதி வேறு.
அதில் ஒரு பெண், போஸ்டரில் நாலாவது வரி,
லியோகாடி நிக்கியேமா என்று
பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
அண்ணன் செத்த சேதி வருகிறது.
அவள் அழவில்லை. பேசவுமில்லை.
வாளியை இழுக்கிறாள்.
கப்பி கிறீச்சிடுகிறது. எண்ணினேன்,
எண்ணுவதுதானே என் தொழில்,
பத்தொன்பது இழுப்பு.
பதினேழாவதில் கயிறு நின்றது,
ஒரு மூச்சு அளவுக்கு,
பிறகு மறுபடி.
என் கையில் சாக்கட்டி.
எந்த வண்டிக்கு எண் போட வந்தேன்
என்பது மறந்துபோய் நின்றேன்.

உள்ளே ஒரு கைகூடத் தட்டவில்லை.
பகலில் தூங்கி எழுந்தவர்கள்போல வந்தார்கள்.
ஒருவர் எனக்கு இரண்டாம் முறை காசு கொடுத்தார்.
ஒருவர் யாருடைய வண்டியையோ
கறிக்கடை வரை தள்ளிக்கொண்டு போனார்.
தன் வண்டியின்மேல் கை வைத்தபடி
"என் வண்டி எங்கே?" என்றாள் ஒருத்தி.
ஒன்பது பேரிடம் அட்டை இல்லை.
மூன்று வண்டிகள் இரவெல்லாம் என்னோடு இருந்தன.
எண்பத்தெட்டுக்காரர் விடிந்தபின் வந்தார்:
"நடந்தே போய்விட்டேன்,
வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் ஞாபகம் வந்தது."

நடுவர்களே,
இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

கறி சுடும் ரஸ்மானே சிரிக்கிறான்.
"பார்க்காத படத்துக்குப் பரிசு தருகிறாயா?"
புகையை மோந்தே எந்தக் கம்பி வெந்ததென்று
நீ சொல்வாயே, அது எப்படி என்றேன்.
விடவில்லை அவன்.
"சத்தம் போட்டது கப்பி. நடித்தது யார்?
விருதைக் கப்பிக்குக் கொடு."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இருக்கலாம்.
ஆனால் கப்பி பதினேழாவதில் தானாக நிற்காது.

நான் நியாயக்காரி.
ஞாயிற்றுக்கிழமை, வென்ற படத்தை மறுபடி போட்டார்கள்.
வண்டிகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு
என் காசில் டிக்கெட் எடுத்து,
முதல் தடவையாக மதிலுக்கு இந்தப் பக்கம்,
இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து
'உப்பு லாரி'யைப் பார்த்தேன்.
வானம் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
உப்புப் பாளத்தில் விழுந்த வெயிலுக்கு
படம் பிடித்தவருக்கு என்ன வேண்டுமானாலும் கொடுங்கள்.
கழுதைகூட நன்றாகவே செத்தது.

ஆனால் படம் ஓடும்போது
என் வண்டிகள் ஞாபகம் வந்தன.
மூன்று முறை.