துக்வி வேலியில்

மவுனில் டீசல் போடும்போதே தொடங்கிவிட்டது.
போன பத்தாண்டில் வந்ததில் சிறந்த ஆல்பம் எது என்று
எவரும் கேட்கவில்லை.
கெபோனியே தானாகவே பதில் சொன்னான்:
‘உப்புப் படுகை’, இரண்டாயிரத்துப் பதினொன்று,
மறுபேச்சு கிடையாது.

மறுபேச்சுக்கு
இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் இருந்தது.

முன்னிருக்கையில் மூன்று பேர்.
பின்னால் தார்ப்பாய்க்கடியில்
நேற்றிரவுக் கச்சேரியின் ஆம்ப்ளிஃபயர்கள்,
ஒரு ஐஸ் பெட்டி.
வெளியே முப்பத்தொன்பது டிகிரி.
நெஞ்சு முழுக்க ஆணி பதித்த தோல் ஜாக்கெட்.
வெந்தாலும் கழற்றுவதில்லை நாங்கள்.

தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுவதைப்
பதிவு பண்ணி விற்றிருக்கிறார்கள்
என்றான் ஒபுசிட்ஸ்வே.
அவனுக்கு ‘எலும்புக் கணக்கு’தான் வேதம்.
அந்த டிரம்ஸ்காரனுக்கு
இரண்டு காலிலும் தனித்தனிப் பேய்.
லாரிக்கு பிரேக் மாட்டிக் கொடுக்கிறவன் இவன்,
நிற்காமல் ஓடுவதுதான் பிடிக்கிறது.

நான் ‘ஒன்பதாம் மாடி’ என்றேன்.
பத்தொன்பது நிமிடப் பாட்டு ஒன்று.
பதினேழாம் நிமிடத்தில்தான் குரலே வரும்.
தூக்கம் வரும் அதற்கு முன், என்றார்கள் இருவரும்.
வங்கிக் கவுண்டருக்குள் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரியும்,
கடைசியில் வந்து நிற்கிற ஒருவருக்காக
ஒரு நாள் முழுக்க எப்படி நகர்கிறதென்று.
அதைச் சொல்லவில்லை.
தூங்குங்கடா என்று மட்டும் சொன்னேன்.

நாட்டாவுக்கு முன்னால்
யானை ஒன்று சாலையின் குறுக்கே நின்றது.
எஞ்சினை அணைத்தோம், வாயை அணைக்கவில்லை.
அங்கேதான் ஒற்றுமை வந்தது எங்களுக்கு.
‘உப்புப் படுகை’ குழுவின் நாலாவது ஆல்பம்,
‘கண்ணாடி வீடு’.
மூன்று ஆல்பமாய் உறுமியவன்
பாட ஆரம்பித்துவிட்டான், படுபாவி.
பியானோவும் இருக்கிறது என்றான் ஒபுசிட்ஸ்வே,
சோற்றில் கிடந்த பல்லைச் சொல்வதுபோல.
யானை விலகிப் போனது.

துக்வியில் கால்நடைத் துறை வேலி.
கோமாரி தெற்கே இறங்காதிருக்க
மருந்தில் ஊறிய சாக்கின் மேல்
பூட்ஸைத் தேய்க்க வேண்டும்,
மண்டையோடு பொறித்த பூட்ஸையும்.
ஐஸ் பெட்டியில் பச்சை மாட்டுத் தொத்திறைச்சி,
கெபோனியேயின் மச்சான் கொடுத்தது.
பச்சையாக இந்தக் கோட்டைத் தாண்டாது, என்றாள் காவலாளி.
அந்த மரத்தடியில் சுட்டுத் தின்னுங்கள்.
இல்லை, குழியில் போடுங்கள்.

சுட்டோம்.
புகையோடு புகையாய் வாதமும் எழுந்தது.
சீருடையில் பெயர்: பசாடி.
ஒரு துண்டை வாங்கிக்கொண்டு நின்றாள்.

‘கண்ணாடி வீடு’ நல்ல ஆல்பம், என்றாள்.

கெபோனியேயின் கையில் குச்சி அப்படியே நின்றது.

இரவு ஷிஃப்டில் ஒரு காதில் அது,
மறு காதில் லாரிச் சத்தம்.
மற்ற மூன்றும் இருக்கிறது என்னிடம்.
கத்தலுக்கு நான் காசு கொடுப்பதில்லை.
வீட்டில் ஒருத்தன் அதை இலவசமாகத் தந்துகொண்டிருந்தான்.
இவன் ஒருநாள் நிறுத்திவிட்டுப் பாடினான் பாருங்கள்,
மனுஷனால் நிறுத்த முடியும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஆனால் ஆறாவது பாட்டில் டிரம்ஸ் முந்திக்கொண்டு ஓடுகிறது.
அது தப்புதான்.

விரலைச் சட்டையில் துடைத்தாள்.
மாட்டு லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
போய்விட்டாள்.

அடுத்த நூற்று முப்பது கிலோமீட்டரில்
முதல் இருபது யாரும் பேசவில்லை.
பிறகு ஒபுசிட்ஸ்வே,
கழுதை கடக்கிறதா என்று பார்ப்பவன்போல்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
அதைப் போட்டான்.

முழுக்க ஓடியது. பியானோவும்.
ஆறாவதில் டிரம்ஸ் முந்தியது.
மூவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்,
பார்த்துக்கொள்ளவில்லை.

பிரான்சிஸ்டவுன் விளக்குகள் தெரிந்தபோது
கெபோனியே தொண்டையைச் செருமினான்.

மூன்றாவது பாட்டு பரவாயில்லை.

மூன்றாவது மட்டும்.