நீலக் குழாய்

ஹித் உலர்துறை. ஆகஸ்டு.
புகைபோக்கிக்குள் இறங்குகிறேன்.
மதியம் பன்னிரண்டிலிருந்து நான்குவரை
வெளிவேலை கூடாது என்பது சட்டம்.
இது உள்வேலை என்றார் ஃபோர்மன்.

இஞ்சின் நின்று ஆறு நாள்.
கட்டைகள்மேல் குந்தியிருக்கிறது கப்பல்,
அடிவயிற்றில் சிப்பி காய்ந்து நாறுகிறது.
குழாய்களில் படிந்த கரியை
விரலால் தொட்டேன்:
கண்மையைவிட மென்மை.
இருமினால் வேறு மாதிரி.

ஒரு டன் எண்ணெய் எரித்தால்
பாதிதான் புரொப்பெல்லருக்கு.
மீதி கடலோடு போகும், வானத்தோடு போகும்.
போகிற வழியை மறித்து
கொஞ்சமாவது வசூலிக்க
இந்தக் குழாய்க்கூட்டம்,
ஒரு சுங்கச்சாவடி.
வசூலான சூடு நீராவியாகி
தொட்டியில் தார்போல் உறைந்த எண்ணெயை இளக்கும்.
செத்த தீ
பிறக்கப்போகும் தீக்குப் பால் காய்ச்சுகிறது.

பதினோரு குழாயில் கசிவு.
மாற்ற மூன்று நாள்,
இரு முனையிலும் ஆப்படித்து மூட ஒரு பொழுது.
கம்பெனி ஆள் ஸ்டாவ்ரோஸ் கால்குலேட்டரைத் தட்டினார்.
அது மூடச் சொன்னது.
தலைமைப் பொறியாளர் ரெனாட்டோ பேசவில்லை.
மூடும் ஒவ்வொன்றுக்கும்
சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு,
மொய் எழுதுகிறவர்போல.
பதினொன்றையும் முன்கூட்டியே போட்டுவிட்டார்.

பத்து மூடினேன்.
பதினொன்றாவது ஓரத்தில் இருந்தது,
கை எட்டுகிற இடத்தில்.
ஸ்டோரில் அதே அளவில் ஒரு குழாய்
தூசி படிந்து கிடந்தது.
வேறு காரணம் எதுவுமில்லை.
இரவு ஷிப்டில் மைதீன் பிச்சை விளக்குப் பிடிக்க
அறுத்தேன், பொருத்தினேன், பற்றவைத்தேன்.
காலையில் அழுத்தச் சோதனை.
ஒரு சொட்டு இல்லை.
ரெனாட்டோ குனிந்து பார்த்தார்,
நிமிர்ந்தார்,
கட்டைவிரலால் ஒரு கோட்டை அழித்தார்.

சல்மாபாத் அறையில்
இந்த மாதம் எல்லாம் தலைகீழ்.
ஹீட்டரை அணைத்துவிட்டோம்;
சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர்.
நீலத்தைத் திறந்தால்
மொட்டைமாடித் தொட்டியின் பகல் முழுவதும்
முதுகில் விழும்.
புதிதாக வந்த பையன் சவரிமுத்து
முதல்நாள் அலறியபடி ஓடிவந்தான்,
சோப்பு நுரையோடு.

இருபது நாள் கழித்து
வாட்ஸப்பில் ஒரு படம்.
எந்தக் கடலோ.
வெப்பமானி மட்டும், எண்ணெய்க் கறையோடு,
முள் நூற்று எண்பத்திரண்டில்.
கீழே ஒரு வார்த்தை இல்லை.
உள்ளே நுழைகிற புகை
இருநூற்று எழுபது என்று எனக்குத் தெரியும்.
கழித்தேன். எண்பத்தெட்டு.
அதில் என்னுடையது அரை டிகிரி இருக்கலாம்.
இல்லாமலும் போகலாம்.

காட்டலாம் என்று மைதீனைத் தேடினேன்.
நீலக் குழாயடியில் உட்கார்ந்திருந்தான்,
பாத்திரத்தில் கொண்டைக்கடலை.
‘ராத்திரி முழுக்க ஊறணும்ல,
மூணு மணி நேரத்துல ஊறிடுச்சு பாரு’ என்று
ஒன்றை நசுக்கிக் காட்டினான்.